வகுப்பறை விதிகள்: ஆசிரியரின் அதிகாரமும் அதன் எல்லையும்

வகுப்புக்கு விதி வகுக்கவும் மாணவர்களை அதற்கு உட்பட வைக்கவும் ஆசிரியருக்கு அதிகாரம் உண்டு. அந்த அதிகாரத்துக்கு எல்லை கட்டுவது, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம். அதன் 17-ஆவது பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் ஒருசேரத் தடை செய்வதுடன், மீறுவோர் மீது பணி விதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கை எடுக்கவும் சொல்கிறது.

பிரம்படி தவறு என்பது இன்று பெரும்பாலும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் முட்டி போட வைப்பது, பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்துவது, சுவரோரம் நாற்காலி போல உட்கார வைப்பது, காதைத் திருகுவது ஆகியவையும் தேசியக் குழந்தைகள் உரிமை ஆணையத்தின் வழிகாட்டு நெறிமுறைகளின்படி உடல் தண்டனையே. பட்டப்பெயர் வைப்பதும் சாதியைச் சொல்லித் திட்டுவதும் மன உளைச்சலில் சேரும். குடியாத்தம் பக்கத்துப் பள்ளி ஒன்றில், "பீடி சுத்துற வீட்டுப் பிள்ளைக்கு இதுதான் வரும்" என்று ஓர் ஆசிரியர் வகுப்பில் சொன்னால், கை ஓங்காவிட்டாலும் அவர் விதியை மீறியவரே. "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று பெற்றோரே சொல்லியிருந்தாலும் அது அனுமதி ஆகாது. சட்டம் காப்பது பிள்ளையின் உரிமையை.

அப்படியானால் விதியை எப்படி நிலைநாட்டுவது? ஆண்டுத் தொடக்கத்தில் மாணவர்களோடு பேசி நான்கைந்து விதிகளை மட்டும் முடிவு செய்து, மீறினால் என்ன நடக்கும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். தாமதமாக வருபவரை வெளியே நிறுத்தினால் அவர் பாடத்தை இழக்கிறார், விதியும் பயன் தருவதில்லை. ஒடுகத்தூர் பக்கத்திலிருந்து வரும் பிள்ளை பேருந்தைத் தவறவிட்டதா, வேண்டுமென்றே தாமதித்ததா என்று விசாரித்து, விட்ட பாடத்தை இடைவேளையில் எழுத வைத்து, தொடர்ந்தால் பெற்றோரை அழைக்கலாம்.

பள்ளியை விட்டு நீக்குவது பற்றித்தான் குழப்பம் அதிகம். 2022-இல் வேலூர் அருகே ஓர் அரசுப் பள்ளியில் மாணவர்கள் மேசைகளை உடைத்த காணொளி பரவிய பின், ஒழுங்கீனமாக நடப்பவர்கள் நிரந்தரமாக நீக்கப்படுவார்கள் என்று கல்வி அமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். இருப்பினும் எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்றக் கூடாது என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு. ஆறாம் வகுப்புப் பையனிடம் "டி.சி. வாங்கிக்கொண்டு போ" என்பது வெறும் மிரட்டலே.

ஆசிரியர் இந்த எல்லையை மீறினால், பெற்றோர் முறையீட்டை முதலில் தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியுடன் கையொப்பம் பெறுவது நல்லது. உறுப்பினர்களில் முக்கால் பங்கினர் பெற்றோராக உள்ள பள்ளி மேலாண்மைக் குழுவிலும் இதை எழுப்பலாம். அடுத்த படி, தொடக்க, நடுநிலைப் பள்ளிகளுக்கு வட்டாரக் கல்வி அலுவலர். அதற்கு மேல் முதன்மைக் கல்வி அலுவலர். பழைய வேலூர் மாவட்டம் 2019-இல் மூன்றாகப் பிரிந்துவிட்டதால், அரக்கோணத்தார் ராணிப்பேட்டைக்கும் ஆம்பூரார் திருப்பத்தூருக்கும் மனு அனுப்ப வேண்டும். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்துள்ளது; ஆனால் அங்கே அடிபட்ட பிள்ளைக்காகவும் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழைக்கலாம். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417.