உறைபனியில் கேமரா: பனிக்கரடியைப் படமெடுப்பதன் பின்னுள்ள அறிவியல்

பெரும்பாலான கேமராக்களின் கையேட்டில், 0 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் பயன்படுத்த வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். அக்னி நட்சத்திர நாட்களில் வேலூர்க் கோட்டை அகழிக் கரையில் நின்று படமெடுப்பவர் அதன் மேல் எல்லையைத் தாண்டிவிடுகிறார். நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில், வடக்கே 78 டிகிரி அட்சரேகையை ஒட்டி, மார்ச் மாதத்தில் பனிக்கரடியைத் தேடிச் செல்பவருக்கோ மைனஸ் 20 டிகிரி என்பது சாதாரணம். குளிர்தான் கேமராவின் பகை என்று பொதுவாக எண்ணுகிறோம். அது பாதி உண்மைதான். கேமராவுக்குள் குளிரால் நன்மை அடையும் பாகமும் உண்டு, குளிரில் சோர்ந்துபோகும் பாகமும் உண்டு. ஆனால் படத்தை அதிகமாகக் கெடுப்பது வெப்பமும் குளிரும் ஒன்றையொன்று சந்திக்கும் இடங்களே என்பது என் கருத்து.

நன்மை அடைவது, விழும் ஒளியைப் படமாக்கும் சென்சார். ஒளியே படாத நிலையிலும், வெப்பத்தின் காரணமாக சென்சாரில் எலெக்ட்ரான்கள் தாமாகக் கிளம்பி, படத்தில் பொடிப்பொடியான புள்ளிகளாகத் தெரிகின்றன. வெப்பநிலை ஏறத்தாழ 6 முதல் 8 டிகிரி குறையும்போதெல்லாம் இந்த இருள் மின்னோட்டம் பாதியாகிறது. இதற்குச் சான்று தேடி வடதுருவம் வரை போக வேண்டியதில்லை. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் வரும் காவலூர் வானாய்வகத்தில், தொலைநோக்கியுடன் இணைத்த சென்சாரை மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கும் திரவ நைட்ரஜனைக் கொண்டு வேண்டுமென்றே குளிர வைக்கிறார்கள். மணிக்கணக்கில் மங்கிய விண்மீன் ஒளியைச் சேர்க்கும்போது இந்தப் புள்ளிகள் குறுக்கிடக் கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு.

சோர்ந்துபோவது பேட்டரி. லித்தியம் அயான் பேட்டரிக்குள், கிராஃபைட் மின்வாயிலிருந்து லித்தியம் அயனிகள் ஒரு கரைசலின் ஊடே நீந்தி மறுமுனைக்குச் சென்றால்தான் மின்சாரம் கிடைக்கும். குளிரில் அந்தக் கரைசல் கெட்டிப்பட்டு, அயனிகளின் நடை தளர்ந்து, உள் மின்தடை ஏறிவிடுகிறது. கேமரா ஒரே நேரத்தில் ஆட்டோஃபோகஸ் மோட்டாரையும் ஷட்டரையும் இயக்கக் கூடுதல் மின்னோட்டம் கேட்கும் கணத்தில் மின்னழுத்தம் சட்டென்று சரிகிறது. பேட்டரி தீர்ந்துவிட்டதாகக் கருதி கேமரா அணைந்துபோகிறது. உண்மையில் மின்னூட்டத்தில் பெரும்பகுதி உள்ளேயே இருக்கிறது. அதனால்தான் துருவப் படக்கலைஞர்கள் உதிரி பேட்டரிகளை உடலோடு ஒட்டிய உள்பையில் வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறார்கள். தீர்ந்ததாகக் காட்டிய பேட்டரி, உடல் சூட்டில் சற்று நேரம் இருந்தபின் மீண்டும் உழைக்கிறது. குளிர்ந்த பேட்டரியை அப்படியே சார்ஜரில் போடுவது மட்டும் கூடாது. பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் செய்தால் லித்தியம் கிராஃபைட்டுக்குள் நுழையாமல் அதன் மேற்பரப்பில் உலோகமாகப் படிந்துவிடும். அந்தச் சேதம் திரும்பாது.

இனி ஈரப்பதம். 20 டிகிரி வெப்பமுள்ள ஒரு கனமீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். மைனஸ் 20 டிகிரியில் ஏறத்தாழ 1 கிராம்தான் தாங்கும். ஆகவே துருவத்தின் வெளிக்காற்று மிகவும் வறண்டது. வெளியே இருக்கும்வரை கேமராவுக்கு நீரால் பெரிய ஆபத்தில்லை. ஆபத்து இரண்டு இடங்களில் வருகிறது. ஒன்று, படமெடுப்பவரின் மூச்சு: வியூஃபைண்டரில் கண்ணை வைத்தபடி மூச்சு விட்டால், அந்த ஆவி கண்ணாடியில் படிந்து உடனே உறைந்து, துடைத்தாலும் போகாத மெல்லிய பனித்தோலாகிவிடும். மற்றொன்று, வேலை முடிந்து கப்பலின் வெதுவெதுப்பான அறைக்குள் நுழையும் நேரம். உறைந்த கேமராவைத் தொட்ட அறைக்காற்று அந்த இடத்திலேயே குளிர்ந்து, தான் சுமக்க இயலாத நீரை லென்ஸின் மீதும், சிறு இடுக்குகளின் வழியே உள்ளே உள்ள மின்சுற்றுகளின் மீதும் இறக்கிவிடுகிறது. இதைத் தவிர்க்கும் வழி எளியது, ஆனால் பொறுமை வேண்டும். வெளியே நிற்கும்போதே மெமரி கார்டையும் பேட்டரியையும் கழற்றி எடுத்துக்கொண்டு, கேமராவைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் இட்டு இறுக மூடிய பிறகே உள்ளே கொண்டு செல்ல வேண்டும். நீர்த்துளிகள் பையின் வெளிப்புறத்தில் படியும். உள்ளிருக்கும் கேமரா இரண்டு மூன்று மணி நேரத்தில் அறையின் வெப்பத்தை எட்டும்வரை பையைத் திறக்கலாகாது.

வெப்ப வேறுபாடு கேமராவைத் தொடாமலேயே படத்தைக் கெடுக்கும் விதம் இன்னும் நுட்பமானது. வாலாஜாப்பேட்டைப் பக்கம் நெடுஞ்சாலையில் நண்பகலில் செல்வோர் தொலைவில் தண்ணீர் தேங்கியிருப்பதுபோல் கானல் நீரைக் கண்டிருப்பார்கள். தாரின் சூட்டால் அடிக்காற்று அடர்த்தி குறைந்து, அதன் வழியே வரும் ஒளி வளைவதே அதற்குக் காரணம். சூடான தரை என்பதைவிட, இரு காற்றடுக்குகளுக்கு இடையிலான வேறுபாடே இங்கு முக்கியம். பனிப்பாளங்கள் பிளந்த இடத்தில் தெரியும் கடல்நீர் மைனஸ் 1.8 டிகிரியில் இருக்கிறது. மேலுள்ள காற்று மைனஸ் 25 என்றால், அந்தக் கடல்நீர் காற்றைப் பொறுத்தவரை ஒரு அடுப்பேதான். அங்கிருந்து கொந்தளித்து எழும் காற்றுக்கு அப்பால் நிற்கும் கரடியை, தொலைவில் உள்ளதைப் பெரிதாக்கிக் காட்டும் 600 மில்லிமீட்டர் லென்ஸில் எடுத்தால், கண்ணும் மயிரும் கரைந்தாற்போல் விழும். விலை உயர்ந்த லென்ஸும் இதைச் சரிசெய்யாது. சூடான வாகனத்தின் ஜன்னலைத் திறந்து எடுத்தாலும், அறையிலிருந்து அப்போதுதான் எடுத்துவந்த லென்ஸின் முன்னால் பொருத்தும் குழல் போன்ற ஹூடுக்குள் வெதுவெதுப்பான காற்று தங்கியிருந்தாலும் இதே விளைவுதான். கேமராவை முன்கூட்டியே வெளியே வைத்துச் சுற்றுப்புறக் குளிருக்குப் பழக்க வேண்டும் என்பதன் காரணம் இதுவே.

பனிக்கரடியும் இதே வெப்பக் கணக்கில்தான் வாழ்கிறது. அதன் மயிர் வெண்ணிறமானதன்று. நிறமியற்ற, ஒளி ஊடுருவும், உள்ளீடற்ற இழை. அதில் ஒளி பலவாறு சிதறுவதால் வெள்ளையாகத் தோன்றுகிறது. அடியில் இருக்கும் தோல் கறுப்பு. அந்த மயிர் கண்ணாடி இழைபோல் ஒளியைத் தோலுக்குக் கடத்துகிறது என்ற அழகான கருத்து நெடுநாள் உலவியது. 1998-இல் இயற்பியலாளர் டேனியல் கூன் அளந்து பார்த்து, அவ்வாறு கடத்துவது மிகச் சொற்பம் என்று காட்டினார். மயிரும் அதன் கீழுள்ள கொழுப்பும் உடலின் சூட்டை இறுகப் பிடித்து வைப்பதால் கரடியின் மேற்புறம் ஏறக்குறைய பனியளவே குளிர்ந்திருக்கிறது. அகச்சிவப்புக் கதிரைப் பதியும் வெப்பக் கேமராவில் முகமும் மூச்சும் தவிர அதிகம் தென்படுவதில்லை. புற ஊதாக் கதிரில் நிலைமை தலைகீழ். பனி அக்கதிரை நன்கு திருப்பி அனுப்ப, கரடியின் மயிர் அதை உறிஞ்சிக்கொள்கிறது. 1974-இல் லவீன், ஓரிட்ஸ்லாண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் எடுத்த புற ஊதாப் படங்களில் பனிக்கரடி கறுப்பாக நின்றது. அகச்சிவப்பில் மறையும் ஒரு விலங்கு புற ஊதாவில் பளிச்சென்று வெளிப்படுவது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

கண்ணுக்குத் தெரியும் ஒளியிலோ, வெள்ளையில் வெள்ளை என்பதே சிக்கல். கேமராவின் ஒளிமானி, தன் முன் இருப்பது விழும் ஒளியில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் நடுத்தரச் சாம்பல் என்று வைத்துக்கொண்டு கணக்கிடுகிறது. புதிய பனியோ 80 சதவீதத்துக்கும் மேல் திருப்புகிறது. அதனால் கேமரா ஒளியைக் குறைத்துப் பனியையும் சாம்பலாக்கிவிடுகிறது. முகூர்த்தத்தில் வெள்ளை வேட்டி சட்டையுடன் நெருங்கி நிற்கும் உறவினர்களைக் கேமராவின் ஆட்டோ முறையில் எடுத்தால் வேட்டியெல்லாம் அழுக்காக விழும் என்று வேலூர் ஸ்டுடியோக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்பது ஒளி இரட்டிப்பாவது) ஒளியைக் கூட்டி வைத்து, பனியின் நுண்விவரம் எரிந்துபோகவில்லை என்பதை, படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தில் சரிபார்க்க வேண்டும். வேலூரில் ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் நேர் உச்சிக்கே வந்துவிடுவதால் மென்மையான சாய்வெயில் காலையிலும் மாலையிலும் சிறிது நேரமே நிலைக்கும். ஸ்வால்பார்டில் இளவேனிற்காலச் சூரியன் தொடுவானை ஒட்டியே நகர்வதால் அந்த ஒளி மணிக்கணக்கில் நீடிக்கிறது.

இத்தனையும் தெரிந்தவர் கரடிக்கு எவ்வளவு அருகே போகலாம்? ஸ்வால்பார்டில் 2025 முதல் இதற்குச் சட்டம் உண்டு: மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது, மற்ற மாதங்களில் 300 மீட்டர். கடுங்குளிருக்கென அமைந்த அந்த உடல் ஓடினால் எளிதில் சூடேறிவிடும். விரட்டப்படும் ஒவ்வொரு முறையும் அது சேமித்த கொழுப்பைச் செலவழிக்கிறது. இந்தச் சட்டத்தை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். அதன் விளைவைக் கணக்காகவும் பார்க்கலாம். 2.4 மீட்டர் நீளமுள்ள கரடி, 500 மீட்டர் தொலைவில், 600 மில்லிமீட்டர் லென்ஸ் வழியே சென்சாரில் விழுத்தும் பிம்பம் 2.9 மில்லிமீட்டர் நீளமே. 36 மில்லிமீட்டர் அகலமுள்ள சென்சாரில் அது ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு பங்கு. எஞ்சிய பதினொரு பங்கும் கடற்பனி, அதன் பிளவுகள், சீல்கள் மூச்செடுக்க மேலே வரும் துளைகள், அதாவது அந்தக் கரடி இரை தேடும் இடம்.