ஐடிலிங் ஏறி இறங்கினால் காற்று போகும் பாதையைப் பாருங்கள்

சிக்னலில் நிற்கும்போது ஆர்பிஎம் முள் 700-க்கும் 1200-க்கும் இடையே ஊசலாடுகிறதா? பிளக், இன்ஜெக்டர் என்று பணத்தைக் கரைப்பதற்கு முன் காற்று போகும் பாதையைப் பார்த்துவிடுங்கள்.

பெட்ரோல் இன்ஜினில் 1 கிராம் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் முதலில் கூடுவது காற்றுதான். காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடிக்குள் உள்ள வட்டத் தகடு திறக்கும்; சென்சார் காற்றை அளக்கும்; அதற்கேற்ற பெட்ரோலை இன்ஜினின் கணினியான இசியூ பீய்ச்சும். சென்சார் கணக்கில் வராத காற்று நுழைந்தாலோ, நுழைய வேண்டிய காற்று தடைபட்டாலோ ஐடிலிங், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம், கெடும்.

தடைபடுவது பெரும்பாலும் தகட்டின் விளிம்பில். ஐடிலிங்கில் தகடு கிட்டத்தட்ட மூடியிருக்கும், மெல்லிய இடுக்குதான் திறந்திருக்கும். இன்ஜினுக்குள் சேரும் ஆவியைக் காற்றுப் பாதைக்குக் கொண்டுவரும் ப்ரீதர் ஹோஸ் வழியே வரும் எண்ணெய் ஆவி தூசியோடு கலந்து, அங்கே கறுப்புப் பிசினாக ஒட்டிக்கொள்ளும். இன்ஜினை அணைத்து ஆறவிட்டு, த்ராட்டில் கிளீனரைத் துணியில் நனைத்துத் துடையுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம். எலக்ட்ரானிக் த்ராட்டில் தகட்டை விரலால் அழுத்தித் தள்ளவே கூடாது. உள்ளிருக்கும் பிளாஸ்டிக் பற்சக்கரம் உடையலாம். துடைத்த பிறகு ஐடிலிங் அதிகமாகிவிட்டால் பதற வேண்டாம். அழுக்கை ஈடுகட்டத் தகட்டைக் கூடுதலாகத் திறந்து பழகிய இசியூவுக்கு, ஸ்கேனர் (இசியூவோடு இணைத்துப் பார்க்கும் கருவி) வைத்து மூடிய நிலையை மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கலாம்.

அடுத்தது கசிவு. இதைத்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஐடிலிங்கில் மேனிஃபோல்டுக்குள் (த்ராட்டில் பாடியிலிருந்து சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்) அழுத்தம் 30–40 கிலோபாஸ்கல், வெளியே சுமார் 100. சின்ன விரிசல் இருந்தாலும் காற்றை உறிஞ்சிவிடும். காற்று வடிகட்டியிலிருந்து த்ராட்டில் பாடிக்கு வரும் ரப்பர் ஹோஸின் மடிப்புகளை வளைத்துப் பாருங்கள். நேராக இருக்கும்போது விரிசல் கண்ணில் படாது. பிசிவி ஹோஸ் (இன்ஜினுக்குள் சேரும் ஆவியை மேனிஃபோல்டுக்கு இழுக்கும் குழாய்), பிரேக் பூஸ்டர் ஹோஸ், மேனிஃபோல்ட் கேஸ்கெட் மூன்றும் அடுத்த சந்தேகங்கள். ஹேண்ட்பிரேக் போட்டு, வண்டி நின்றபடியே இன்ஜின் ஓடும்போது ஹோஸ்களை ஒவ்வொன்றாக இறுக்கிப் பிடியுங்கள். எதைப் பிடித்ததும் இன்ஜின் சத்தம் மாறுகிறதோ, அந்த வழியில்தான் முதலில் தேட வேண்டும். சூடான இன்ஜின்மேல் கார்ப் கிளீனர் அடித்துக் கசிவு தேடுவது தீ விபத்துக்கு வழி. ஹோஸ்களில் பிடிபடாவிட்டால் புகை விட்டுப் பார்க்கும் கருவியுள்ள ஒர்க்ஷாப்புக்குப் போவதே நல்லது.

ஸ்கேனர் இருந்தால் ஃப்யூயல் ட்ரிம்மை, அதாவது இசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதத்தை, பாருங்கள். காற்றின் எடையை அளக்கும் எம்ஏஎஃப் சென்சார் உள்ள வண்டியில், ட்ரிம் ஐடிலிங்கில் +20 சதவீதமும் 2500 ஆர்பிஎம்மில் பூஜ்ஜியத்துக்கு அருகிலும் இருந்தால் கசிவு என்றே கொள்ளலாம். காற்றோட்டம் கூடும்போது கசிவின் பங்கு சுருங்கிவிடுகிறது. மாறாக, வேகம் ஏற ஏற ட்ரிம்மும் ஏறினால் சென்சாரில் அழுக்கு, அல்லது பெட்ரோல் பம்ப் பலவீனம். மேனிஃபோல்ட் அழுத்தத்தை அளக்கும் எம்ஏபி சென்சார் வண்டிகளில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. கசிந்த காற்றும் அழுத்தமாகப் பதிவாவதால் ட்ரிம் சாதுவாகவே இருக்கலாம். தகடு மூடியும் ஆர்பிஎம் இறங்காமல் நிற்பதுதான் அங்கே அடையாளம்.

எம்ஏஎஃப் சென்சாரைக் கழுவ அதற்கென்றே விற்கும் கிளீனரை மட்டும் பயன்படுத்துங்கள். உள்ளிருக்கும் சூடேறும் கம்பி மிக மெல்லியது. துணியோ பஞ்சோ பட்டாலே அறுந்துவிடலாம்.