மலத்தில் ரத்தம் வந்தால் மூலம்தானா?

பென்னாகரம் பக்கத்துத் தக்காளி விவசாயி அவர். வயது 52. வெளிக்குப் போகும்போதெல்லாம் எட்டு மாதமாக ரத்தம். "உடம்புச் சூடுதான் சார்" என்றார். முதலில் துத்திக் கீரை, கருணைக்கிழங்கு, மோர். பிறகு ‘மூலம், பவுத்திரம்’ என்று பலகை மாட்டிய ஓர் இடத்தில் மூன்று முறை ஊசி. என்னிடம் வந்தபோது ஹீமோகுளோபின் 7, கடும் ரத்தசோகை. கையுறை மாட்டி ஆசனவாயில் விரல் விட்டுப் பார்த்தேன். மலக்குடல் சுவரில் கரடுமுரடான கட்டி விரல் நுனியிலேயே தட்டுப்பட்டது. மூலமல்ல, புற்றுநோய். ஒரு நிமிடம்கூட ஆகாத அந்தச் சோதனையை எட்டு மாதத்தில் ஒருவரும் செய்யவில்லை. இன்றுவரை என்னை உறுத்துவது அதுதான்.

மூலத்திலும் ரத்தம் வரும், உண்மைதான். பெரும்பாலும் மலம் கழித்த பின் சொட்டுச் சொட்டாக, பளிச்சென்ற சிவப்பில் வரும். மலத்தோடு ரத்தமும் சளியும் கலந்து வருவது, போய் வந்த பிறகும் மிச்சம் இருப்பதுபோல் மறுபடி மறுபடி போகத் தோன்றுவது, பல வருடப் பழக்கம் திடீரென மாறி வாரக்கணக்கில் மலச்சிக்கலாகவோ பேதியாகவோ நீடிப்பது, காரணமில்லாமல் எடை குறைவது ஆகியவற்றைக் கண்டால் சந்தேகப்பட வேண்டும். ஆனால் ஒரே ஆளுக்கு மூலமும் இருக்கலாம், புற்றுநோயும் இருக்கலாம். அதனால் நிறத்தை மட்டும் பார்த்து வீட்டிலேயே முடிவு செய்யாதீர்கள்.

ரத்தசோகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாற்பதைத் தாண்டிய ஆணுக்கு இரும்புச்சத்து குறைந்திருந்தால், மாத்திரை கொடுப்பதோடு நிறுத்தாமல், ரத்தம் எங்கே கசிகிறது என்று தேட வேண்டும். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும் இதே விதிதான். அவர்களோ கூச்சத்தால் ரத்தப்போக்கை மகளிடம்கூடச் சொல்வதில்லை.

"களி தின்று வளர்ந்த உடம்பு, இதெல்லாம் எனக்கு வருமா?" என்று அந்த விவசாயி கேட்டார். கேழ்வரகின் நார்ச்சத்து குடலுக்கு நல்லது, ஆபத்தைக் குறைக்கும். ஆனால் முழுதாகத் தடுத்துவிடாது. புகையிலையும் மதுவும் உடல் பருமனும் ஆபத்தைக் கூட்டுகின்றன. வேலைக்காக ஓசூருக்கும் பெங்களூருக்கும் போய்த் தங்கும் நம் பிள்ளைகளின் தட்டில் களியும் கீரையும் குறைந்துகொண்டே வருவதும் எனக்குக் கவலையாக இருக்கிறது.

பெருங்குடல் புற்றுநோயில் பெரும்பகுதி, பாலிப் என்கிற சிறு சதை வளர்ச்சியாகத்தான் தொடங்குகிறது. அது புற்றாக மாறப் பொதுவாகப் பத்து ஆண்டுகள் வரை ஆகும். அதற்குள் கொலனோஸ்கோபியில், அதாவது ஆசனவாய் வழியாகக் கேமரா பொருத்திய குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனையில், கண்டு அகற்றிவிட்டால் அந்த இடத்தில் புற்றுநோயே வராது. அமெரிக்காவில் அறிகுறி எதுவும் இல்லாதவர்களும் 45 வயதிலிருந்து பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று 2021 முதல் பரிந்துரைக்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை மலத்தில் மறைந்துள்ள ரத்தத்தைக் கண்டறியும் சோதனை செய்தாலும் போதும்; அதில் ரத்தம் தெரிந்தால் மட்டும் கொலனோஸ்கோபி. நம் நாட்டில் அரசின் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகியவற்றோடு நிற்கிறது. குடலை நாமே நினைவில் வைத்துக் கேட்டாக வேண்டும்.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொண்டு வரும் அந்தப் பணியாளரிடம் ரத்தம் போவதையும் சொல்லுங்கள். மருத்துவரிடம் போனால், விரல் பரிசோதனை செய்யச் சொல்லி நீங்களே கேளுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சைக்கு இடமுண்டு.

அந்த விவசாயிக்குக் கதிர்வீச்சு கொடுத்து, பிறகு அறுவை சிகிச்சை நடந்தது. கட்டி மிகக் கீழே இருந்ததால் மலம் வெளியேற வயிற்றில் நிரந்தரமாகப் பை. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்த நோய் இருந்தால் 40 வயதில், அல்லது அவருக்கு நோய் தெரிந்த வயதுக்குப் பத்து ஆண்டு முன்பே, இரண்டில் எது முந்தியோ அப்போது பரிசோதனையைத் தொடங்க வேண்டும். அந்த விவசாயியின் தம்பிக்கு வயது 46, ஒரு தொந்தரவும் இல்லை. "நல்லா இருக்கிறவனுக்கு எதற்கு சார்?" என்று இரண்டு முறை தட்டிக்கழித்தவரை அண்ணன்தான் கையோடு அழைத்து வந்தார். கொண்டைக்கடலை அளவில் ஒரு பாலிப் இருந்தது. அப்போதே அகற்றினோம். மாலை பஸ்ஸில் இருவரும் ஊர் திரும்பினார்கள்.