மேகத்தில் விழுந்த நிழல், தலையைச் சுற்றிய வட்டம்

கொழுக்குமலைக்குப் போய்வந்த வாசகர் ஒருவர், ஒரு சண்டையைத் தீர்த்து வைக்கச் சொல்லி எழுதியிருக்கிறார். சூரியநெல்லியிலிருந்து இருட்டோடு ஜீப் ஏறி மேலே போனால் ஒரே மேகமூட்டமாம். சூரிய உதயம் போச்சு என்று மற்றவர்கள் டீ குடிக்க நகர, வழிகாட்டி மட்டும் "இருங்க சார், விலகும்" என்று இவர்களை நிறுத்தி வைத்திருக்கிறார். ஏழு மணி வாக்கில் கிழக்கே, தேனிப் பக்கம் வெயில் வந்தது. மேற்குப் பள்ளத்தில் மட்டும் மேகம் அப்படியே கிடந்தது. "சூரியனுக்கு முதுகைக் காட்டி நில்லுங்க" என்றாராம் வழிகாட்டி. திரும்பிப் பார்த்தால் மேகத்தின் மேல் நெடுநெடுவென ஒரு நிழல், அதன் தலையைச் சுற்றி வானவில் நிறத்தில் வட்டம்!

சண்டை இதுதான். வட்டம் தன் நிழலின் தலையைச் சுற்றித்தான் இருந்தது, மச்சானின் நிழலுக்கு இல்லை என்கிறார் இவர். மச்சான் அப்படியே மாற்றிச் சொல்கிறார். புண்ணியம் செய்தவர்களுக்குத்தான் அது தெரியும் என்று கூட்டத்தில் ஒருவர் எண்ணெய் வேறு ஊற்றியிருக்கிறார்.

இரண்டு பேர் சொல்வதும் உண்மை. புண்ணியக் கணக்கு மட்டும்தான் தப்பு.

ஈரக்காற்று மலைமேல் ஏறி, விரிந்து, குளிர்ந்து, தூசியைப் பற்றிக்கொண்டு துளியாகிறது என்பதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். நமக்கு வேண்டியது துளியின் அளவு. மேகத்துளி ஒன்றின் குறுக்களவு ஏறத்தாழ 10 முதல் 20 மைக்ரோமீட்டர், தலைமுடியின் தடிமனைவிடப் பல மடங்கு சிறியது. நிழல் பூதாகரமாகத் தெரிவதற்குக் காரணம், அது சுவரில் விழுவதுபோல் ஒரே பரப்பில் விழாமல் மேகத்துக்குள் ஆழமாக நீள்வதுதான். தூரத்தை அளக்க அங்கே மரமோ பாறையோ இல்லாததால் கண் ஏமாந்துபோகிறது. ஜெர்மனியில் 1141 மீட்டர் உயரமுள்ள பிராக்கன் மலையில் இது அடிக்கடி தெரிவதால் 'பிராக்கன் பேய்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

பேய் கிடக்கட்டும், எனக்குப் பிடித்தது அந்த வட்டம்தான். 'குளோரி' என்று பெயர். இது வானவில் இல்லை. வானவில்லை உண்டாக்கும் பெரிய மழைத்துளி, நம் நிழலின் தலையிலிருந்து சுமார் 42 டிகிரி தள்ளி ஒளியை அனுப்புகிறது. குளோரியில் ஒளி வந்த வழியே திரும்பிப் போகிறது. இரவில் நம் வண்டி வெளிச்சம் பட்டதும் சாலைப் பலகை நமக்கு மட்டும் பளிச்சென்று தெரிகிறதே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. ஆகவே சூரியனுக்கும் உங்கள் கண்ணுக்கும் நேர்கோட்டில் உள்ள துளிகள்தான் உங்கள் கண்ணுக்கு ஒளியை அனுப்பும். அந்தக் கோடு போய் முடிகிற இடம் உங்கள் தலையின் நிழல். மச்சானின் கண்ணுக்கு வேறு கோடு, வேறு துளிகள், வேறு வட்டம். அவருடைய வட்டத்தை நீங்கள் எந்தக் காலத்திலும் பார்க்க முடியாது.

சரி, ஒளி ஏன் வந்த வழியே திரும்புகிறது? இங்கேதான் பாடப்புத்தகம் கைவிடுகிறது. துளியின் விளிம்பை உரசி நுழையும் கதிர், ஒளிவிலகல் விதிப்படி உள்ளே வளைந்து, பின்சுவரில் ஒருமுறை பட்டு வெளியேறும்போது நேர் பின்னோக்கித் திரும்பச் சுமார் 14 டிகிரி குறைகிறது. ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதைச் சொல்லும் ஒளிவிலகல் எண் தண்ணீருக்கு 1.33. அது 1.41 ஆக இருந்திருந்தால் கணக்கு சரியாகியிருக்கும். சிறு உருண்டையில் பட்ட ஒளி எப்படிச் சிதறும் என்று 1908இல் ஜெர்மன் இயற்பியலாளர் குஸ்டாவ் மீ எழுதிய சமன்பாடுகளில் எண்களைப் போட்டால் வட்டம் சரியாக வந்துவிடும், ஆனால் ஏன் வருகிறது என்று அவை சொல்லாது. அந்த 14 டிகிரியை ஒளி அலை துளியின் மேற்பரப்பை ஒட்டி ஊர்ந்து கடக்கிறது என்று 1947இல் டச்சு வானியலாளர் வான் டி ஹுல்ஸ்ட் சொன்னார். பிரேசிலின் இயற்பியலாளர் மொய்சஸ் நுசென்ஸ்வெய்க் பல ஆண்டுகள் இதே துளியோடு மல்லுக்கட்டி, இன்னும் விநோதமான ஒன்றைக் கண்டார். வட்டத்துக்கு முக்கியப் பங்களிப்பு, துளியின் மேல் படாமல் பக்கத்தில் கடந்துபோக வேண்டிய ஒளியிலிருந்து வருகிறது! அது இடைவெளியைத் தாண்டி உள்ளே கசிகிறது. இயற்பியலில் 'டன்னலிங்' என்பார்கள். உள்ளே சுவரை ஒட்டிச் சுற்றிவிட்டு, அதேபோல் கசிந்து வெளியே வருகிறது. இப்படித் துளியின் விளிம்பு முழுக்க ஒரு மோதிரம்போல ஒளிர, எதிரெதிர் ஓரங்களிலிருந்து வரும் அலைகள் ஒன்றோடொன்று கூடியும் கழிந்தும் வட்டங்களைப் போடுகின்றன. சிவப்புக்கு அலைநீளம் அதிகம், அதனால் அது வெளிப்பக்கம். துளி சிறுத்தால் வட்டம் பெருக்கும். துளியின் மேல் படாத ஒளி நம் தலைக்குக் கிரீடம் வைக்கிறது என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

சீனாவின் எமெய் மலையில் இதை 'புத்தரின் ஒளி' என்று வணங்கினார்கள். வணங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அது தங்களைக் கூப்பிடுகிறது என்று நம்பி, பாறையிலிருந்து குதித்தவர்களும் இருந்திருக்கிறார்கள்.

அதே வட்டத்தைப் பார்த்த இன்னொருவர் வேறு மாதிரி மயங்கினார். 1894 செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலை உச்சியிலிருந்த வானிலை ஆய்வகத்தில் இயற்பியலாளர் சி.டி.ஆர். வில்சன் இரண்டு வாரம் வேலை பார்த்தார். குளோரியின் அழகில் சொக்கி, அதை ஆய்வுக்கூடத்தில் செய்து பார்க்க முயன்றார். கண்ணாடிக் கலத்தில் மேகம் உண்டாக்கியபோது, தூசியே இல்லாவிட்டாலும் மின்னேற்றம் பெற்ற அணுக்களைப் பிடித்துக்கொண்டு துளி உருவாவதைக் கண்டார். அதிலிருந்து வந்ததுதான் மேக அறை, அணுத்துகள்களின் தடத்தைக் கண்ணுக்குக் காட்டிய முதல் கருவி. 1927இல் நோபல் பரிசு. 1932இல் எலக்ட்ரானின் எதிர்த்துகளான பாசிட்ரான் பிடிபட்டதும் மேக அறையில்தான். அந்தப் பென் நெவிஸ் ஆய்வகத்தையோ பணமில்லை என்று 1904இலேயே மூடிவிட்டார்கள். 'மேகத்தில் வட்டம் அழகாக இருக்கிறது, செய்து பார்க்கப் போகிறேன்' என்று இன்று ஒருவர் நிதி கேட்டு விண்ணப்பித்தால் சமூகப் பயன் என்ன என்ற கட்டத்தில் அவர் எதை நிரப்புவார்?

வாசகருக்குக் கடைசியாக ஒன்று. அன்றைக்கு எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். போனை நெஞ்சுக்கு நேரே பிடித்து எடுத்திருந்தால் வட்டத்தின் நடு மையம் தலையில் இருக்காது, நெஞ்சில் இருக்கும்.