குச்சிக் கேக்கா, வெடி அணிச்சலா?

கேக்கைத் தமிழில் அணிச்சல் என்பார்கள், சரி. ஆனால் குச்சியில் செருகிய கேக் உருண்டையான கேக் பாப்புக்கு ‘வெடி அணிச்சல்’ என்று பெயர் வைத்தவரை ஒரு நாள் நேரில் சந்திக்க வேண்டும். மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் தீபாவளிப் பலகாரப் பட்டியலில் ஒருமுறை தலைகாட்டிய சொல் அது. இப்போது பள்ளிச் சிற்றுண்டி நாள் அறிவிப்பு, சமையல் வகுப்புத் துண்டறிக்கை என்று போகிற இடமெல்லாம் உட்கார்ந்திருக்கிறது. முதன்முறையாக வீட்டில் செய்து பார்க்கலாம் என்று வந்த என் தங்கை மகள், செய்முறைத் தாளைப் படித்துவிட்டு, “பெரியம்மா, இது எப்போ வெடிக்கும்?” என்று கேட்டாள். நியாயமான கேள்விதான்.

சொல்லின் கதை சின்னது. கேக் என்பது பழைய நார்ஸ் மொழியின் ‘காகா’விலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். மலாய்க்காரர்கள் அதைக் ‘கெக்’ என்று எடுத்துக்கொண்டார்கள். பாப் என்பது லாலிபாப்பின் வால். 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஆங்கிலத்தில் லாலிபாப் இருக்கிறது. அதில் ‘லாலி’ வட இங்கிலாந்து வட்டார வழக்கில் நாக்கைக் குறிக்கும் என்பார்கள். 2008இல் அமெரிக்காவில் ஏஞ்சி டட்லி என்ற பெண் தன் வலைப்பதிவில் கேக் உருண்டைகளைக் குச்சியில் செருகிக் காட்ட, பண்டமும் பெயரும் பரவின. 2011இல் ஸ்டார்பக்ஸ் கடைகளில் விற்பனைக்கே வந்துவிட்டது.

ஆக, கேக் பாப் என்றால் லாலிபாப் மாதிரி குச்சியில் நிற்கும் கேக். வெடி எங்கிருந்து வந்தது? அகராதியில் ‘பாப்’ என்று தேடினால் முதலில் கிடைப்பது ‘படீரென்று வெடித்தல்’. அதைப் பிய்த்து அணிச்சலோடு ஒட்டினால் வேலை முடிந்தது. லாலிபாப்பில் இருக்கும் பாப்பே ஓசையைக் குறிக்கும் சொல்தானே என்று யாராவது மடக்கலாம். இருக்கட்டும். கேக் பாப்புக்கு அந்தச் சொல் ஓசையின் வழியாக வரவில்லை, மிட்டாயின் வழியாக வந்தது. பாப் இசையில் உள்ள பாப் வேறு, அது ‘பலருக்கும் பிடித்த’ என்பதன் சுருக்கம். அதை ‘வெடி இசை’ என்று இதுவரை யாரும் எழுதவில்லை. எழுதிவிடுவார்களோ என்ற பயம் மட்டும் இருக்கிறது. நிஜமாகவே வெடிக்கிற பாப்கார்னைக்கூடத் தமிழ் ‘வெடிச்சோளம்’ ஆக்காமல் சோளப்பொரி என்றது. நெல் பொரிவதை அடுப்படியில் பார்த்தவர்களுக்கு அகராதி தேவைப்படவில்லை.

செய்து பார்த்தால் இந்தப் பெயரின் அபத்தம் இன்னும் நன்றாகத் தெரியும். வெண்ணெய் கேக்கை விரலால் உதிர்த்து, கிரீமைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பிசைய வேண்டும். பிடித்தால் உருண்டை நிற்கிற பதம் போதும். கிரீம் கூடிவிட்டால் கனம் தாங்காமல் குச்சியில் வழுக்கிக்கொண்டு இறங்கும். உருண்டைகளைக் குளிரவைத்து, குச்சி நுனியை உருகிய சாக்லெட்டில் தொட்டு, பாதி ஆழத்துக்குச் செருக வேண்டும். அந்தச் சாக்லெட் இறுகினால்தான் குச்சி பிடித்துக்கொள்ளும். பிறகு முழு உருண்டையையும் சாக்லெட்டில் முக்கி எடுத்து, கிண்ணத்தின் விளிம்பில் மெல்லத் தட்டி மிச்சத்தை வடியவிட வேண்டும்.

முதல்முறை செய்கிறவர்கள் மாட்டிக்கொள்கிற இடம் இதுதான். உருண்டை உறைபெட்டியில் கல்லாகிக் கிடந்திருந்தால், சூடான சாக்லெட்டில் முக்கியதும் மேல்தோடு சட்டென்று இறுகிவிடும். உள்ளே குளிர்ந்திருந்தது மெல்லச் சூடேறி விரியும். தோடு விரியாது, உச்சியிலிருந்து குச்சி வரை ஒரு கோடு விழும். நம்மூர் வெக்கையில் அதைக் கண்ணெதிரேயே பார்க்கலாம். இந்தக் கோட்டுக்குத் தமிழில் என்ன பெயர்? வெடிப்பு! பாத வெடிப்பு, சுவர் வெடிப்பு என்கிறோமே, அதேதான். ஆக, ‘வெடி அணிச்சல்’ என்று எழுதியவர் கெட்டுப்போன கேக் பாப்புக்குத்தான் பெயர் வைத்திருக்கிறார். தங்கை மகள் செய்ததில் சில வெடித்தன. அவற்றை மட்டும் அந்தப் பெயரில் விற்கலாம்.

இன்னொரு கட்சி உண்டு. அவர்கள் தூய தமிழ் என்று ‘கோலணிச்சல்’ எழுதுகிறார்கள். பொருள் சரிதான், ஆனால் அளவு தப்பு. செங்கோல், ஊன்றுகோல், துலாக்கோல் என்று கோலுக்கு ஒரு கம்பீரம் உண்டு. விரல் நீளக் காகிதக் குச்சிக்கு அது தாங்குமா? சாத்தே சுட இறைச்சித் துண்டுகளை எதில் குத்துகிறார்கள் என்று கேட்டால் குச்சியில் என்கிறோம், கோலில் என்று யாரும் சொல்வதில்லை. லாலிபாப்புக்குத் தமிழ் குச்சி மிட்டாய் என்று எப்போதோ பெயர் வைத்துவிட்டது. குச்சி ஐஸும் இருக்கிறது. வரிசை ஏற்கெனவே போட்டிருக்கும்போது புதிதாக வருகிறவன் பின்னால் போய் நிற்பதுதானே முறை? குச்சிக் கேக். அவ்வளவுதான்.

அணிச்சல் மீது எனக்குக் கோபம் இல்லை. இங்கே தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பழகிய சொல். அழைப்பிதழில் ‘குச்சி அணிச்சல்’ என்று போட்டால் யாருக்கும் குழப்பம் வராது. அடுப்படியில் எல்லாரும் கேக்கு என்றுதான் சொல்கிறார்கள், நான் அந்தப் பக்கம்.

இங்கே ரப்பர் தோட்டத்து மக்களுக்குப் பெயர் வைக்கத் தெரிந்திருந்தது. ரப்பர் என்ற ஆங்கிலப் பெயர் பென்சில் எழுத்தைத் தேய்த்து அழித்ததால் வந்தது. 1770இல் ஜோசப் பிரீஸ்ட்லி அந்தப் பயனைக் குறித்து வைத்தார். இன்றைய துண்டறிக்கைக்காரர் கையில் கிடைத்திருந்தால் அதைத் ‘தேய்ப்பு மரம்’ ஆக்கியிருப்பார். காலை இருட்டில் கத்தியோடு போனவர்கள் பட்டையிலிருந்து வடிந்ததைப் பார்த்தார்கள். பால்மரம் என்றார்கள். வேலைக்குப் பால்வெட்டு என்றார்கள். கோப்பையில் உறைந்தது கட்டிப்பால் ஆனது. பிறகு தோட்டங்களில் வந்த புது எண்ணெய் மரத்துக்குச் செம்பனை என்ற பெயர் நிலைத்தது. இவர்களின் பேரப்பிள்ளைகளுக்குக் கைப்பேசி மொழிபெயர்த்துக் கொடுத்ததை அப்படியே அச்சடித்துக் கொடுக்கிறோம்.

அதே செய்முறைத் தாளில் பவுண்டு கேக்கை ‘இடித்த அணிச்சல்’ என்று போட்டிருந்தார்கள். மாவு, வெண்ணெய், முட்டை, சர்க்கரை நான்கும் ஒவ்வொரு பவுண்டு எடை சேர்ந்ததால் வந்த பெயர் அது. ஆங்கிலத்தில் பவுண்டுக்கு இடித்தல் என்றும் பொருள் உண்டு, ஆனால் இந்தக் கேக்கில் இடிக்க ஒன்றும் இல்லை. மொழிபெயர்த்தவர் ஒருமுறை மாவு பிசைந்திருந்தால்கூட இதை எழுதியிருக்க மாட்டார். ஒருவேளை அச்சுக்குப் போகுமுன் யாரும் படித்தே பார்க்கவில்லையோ என்னவோ.

கடைசியாக, அந்த ‘க்’. குச்சியில் செருகிய கேக் என்று விரிவதால் நடுவில் ஒற்று மிகும், குச்சிக்கிழங்கில் வருவது போல. சொல்லும்போது அது தானாகவே வந்துவிடுகிறது. விலைப்பலகை எழுதுகிறவர்கள் மறக்காமல் போட்டுவிடுங்கள்: குச்சிக் கேக், ஒன்று 2 வெள்ளி.