பாதியில் படிப்பை விட்டால் சான்றிதழும் கட்டணமும் என்னவாகும்?

பிடிக்காத பாடப்பிரிவு, அடுத்த தவணைக்குப் பணம் புரளாத வீடு, திடீரெனப் படுத்துவிட்ட அப்பா. கல்லூரியைப் பாதியில் விடுவதற்குக் காரணங்கள் பல. ஆனால் விட்ட பிள்ளை அடுத்த ஆண்டு வேறு கல்லூரியில் சேர முடியாமல் நிற்கிறதென்றால், பல நேரம் அதன் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலும் டி.சி.யும் பழைய கல்லூரியின் பீரோவில் கிடக்கின்றன.

"மீதி மூணு வருஷ பீஸையும் கட்டிட்டு வாங்கிக்கோங்க" என்பார்கள் ஆபீஸ் கவுன்டரில். அப்பா பையனைப் பார்ப்பார். பையன் தரையைப் பார்ப்பான். அப்படிக் கேட்கக் கல்லூரிக்கு உரிமையே இல்லை.

பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிக்கை இதைத் தெளிவாகச் சொல்கிறது. சேர்க்கையின்போது அசல் சான்றிதழ்களை மாணவர் முன்னிலையில் சரிபார்த்து, கையோடு திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். நகலை மட்டும் வைத்துக்கொள்ளலாம். படிக்கப்போகும் பருவத்துக்கோ ஆண்டுக்கோ மட்டும்தான் கட்டணம் வாங்கலாம். மொத்தப் படிப்புக்கும் சேர்த்து வாங்கக் கூடாது. சீட்டுக்காக நிற்கும்போது இதையெல்லாம் எடுத்துச் சொல்ல எந்தப் பெற்றோருக்கும் தைரியம் வராது என்பது உண்மைதான். விலகும்போதாவது கேளுங்கள்.

சரி, கட்டிய பணம்? சேர்க்கைக்கு அறிவித்த கடைசி நாள்தான் கணக்கு. அதற்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்பே விலகினால் முழுத் தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய் கழிவுடன். 15 நாளுக்கும் குறைவாக இருந்தால் 90 சதவீதம். கடைசி நாள் தாண்டி 15 நாளுக்குள் 80, முப்பது நாளுக்குள் 50. அதன் பிறகு கட்டணம் திரும்பாது. காப்புத்தொகை (காஷன் டெபாசிட்) மட்டும் முழுதாக வர வேண்டும். சில கல்வியாண்டுகளில் யூஜிசி இதைவிடத் தாராளமான தேதிகளை அறிவித்திருக்கிறது, அந்த ஆண்டின் சுற்றறிக்கையைப் பார்த்துவிடுங்கள். பொறியியல் போன்ற படிப்புகளுக்கு, தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவான ஏஐசிடிஇயின் விதி தனி.

விலகும் முடிவை வாயால் மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். நாள் கணக்கு ஓடும், கையில் ஆதாரம் இருக்காது. கடிதத்தை இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் தேதியும் முத்திரையும் வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். தராவிட்டால் முதலில் கல்லூரியின் மாணவர் குறைதீர் குழு, அப்புறம் யூஜிசியின் 2023 குறைதீர்ப்பு விதிகளின்படி பல்கலைக்கழகம் நியமித்த குறைதீர்ப்பாளர். யூஜிசியின் இ-சமாதான் தளத்திலும் புகார் பதியலாம். அப்போது முத்திரை விழுந்த அந்தப் பிரதியையும் இணையுங்கள்.