சைடு மிரரில் ஒட்டிய முகம் பார்க்கும் கண்ணாடி

சென்ற மாம்பழப் பருவத்தில் கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து ஒருவர் தம் காரைத் தருமபுரியில் உள்ள எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தார். இடப்பக்கக் கதவில் நீளமான கீறலும் ஒரு சொட்டையும் இருந்தன. மாங்கூழ் ஆலைக்குக் காய் ஏற்றிச் செல்லும் வண்டிகளைத் தாண்டி இடப்பக்கம் ஒதுங்கும்போது ஒரு மொபெட்டை உரசிவிட்டதாகச் சொன்னார். மொபெட்டில் வந்தவருக்கு நல்லவேளையாகப் பெரிய காயம் ஏதும் இல்லை. "கண்ணாடியைப் பார்த்துத்தான் சார் ஒடித்தேன், அதில் யாருமே தெரியவில்லை" என்றார். இப்படிச் சொல்பவர்களை நான் எளிதில் நம்புவதில்லை என்றாலும், அவருடைய இருக்கையில் உட்கார்ந்து பார்த்தபோது அவர் சொன்னது உண்மை என்று தெரிந்தது. சில மாதங்களுக்கு முன்பு இடப்பக்கக் கண்ணாடி உடைந்திருக்கிறது. புதியது வரும்வரை காத்திருக்க மனமின்றி, படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் முகம் பார்க்கும் கண்ணாடியை அதே வடிவத்தில் அறுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறார்.

காரின் இடப்பக்கக் கண்ணாடி தட்டையானது அன்று. அது வெளிப்புறமாகச் சற்றே புடைத்த குவி ஆடி. நம் ஊரில் ஓடும் பெரும்பாலான கார்களில் வலப்பக்கக் கண்ணாடியும் அப்படித்தான் இருக்கிறது. ஓட்டுநருக்கு எட்டத்தில் இருக்கும் இடப்பக்கக் கண்ணாடி, உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய அந்தப் பரப்பில், அடுத்த தடத்தையும் சாலையோரத்தையும் சேர்த்துக் காட்ட வேண்டுமானால் வளைந்திருந்தாக வேண்டும். அதே அளவில் தட்டைக் கண்ணாடியைப் பொருத்தினால் பின்னால் வருவது தெளிவாகவும் பெரிதாகவும் தெரியும். ஆனால் குறுகிய ஒரு துண்டு மட்டுமே தெரியும். மொபெட் அந்தத் துண்டுக்கு வெளியே இருந்திருக்கிறது.

நிறுவனத்தின் கண்ணாடியைப் பொருத்திக் கொடுத்ததும், "எல்லாம் சின்னதாகத் தெரிகிறதே" என்று அவர் குறைப்பட்டுக்கொண்டார். குவி ஆடிக்கு நாம் கொடுக்கும் விலை அதுதான். பின்னால் வரும் வண்டி சிறிதாகத் தெரிவதால், இருக்கும் தூரத்தைவிட அதிகத் தொலைவில் வருவதாக மனம் கணக்குப் போட்டுவிடும். ஆகவே வண்டி இருக்கிறதா என்பதைப் பக்கக் கண்ணாடியிலும், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைத் தட்டையான உள் கண்ணாடியிலும் பார்த்துக்கொள்வது நல்லது. நாம் முந்திவந்த லாரியின் முகப்பு முழுவதும் உள் கண்ணாடியில் தெரிந்த பிறகே இடப்பக்கத் தடத்துக்குத் திரும்ப வேண்டும் என்று பழைய ஓட்டுநர்கள் சொல்லிக்கொடுப்பது இதனால்தான். உடைந்தால் கண்ணாடிக் கூட்டை முழுதாக மாற்ற வேண்டும் என்று பலர் எண்ணிச் செலவுக்கு அஞ்சுகிறார்கள். பல மாடல்களுக்குப் பின்தகட்டுடன் கூடிய கண்ணாடி மட்டும் தனியாகக் கிடைக்கும். கிளிப்பில் அழுத்திப் பொருத்தினால் போதும்.

கண்ணாடியைச் சரிசெய்வதற்கு முன்னால் இருக்கையைச் சரிசெய்ய வேண்டும். இருக்கையின் உயரமும், அதன் முதுகுப் பகுதியின் சாய்வும் மாறினால் கண்ணின் இடம் மாறிவிடுகிறது. கண்ணின் இடம் மாறினால் மூன்று கண்ணாடிகளும் பொய் சொல்லத் தொடங்கும். இதில் எங்கள் தொழிலின் குற்றமும் உண்டு. சர்வீஸுக்கு வரும் வண்டியை நகர்த்தும்போது எங்கள் பையன்கள் தங்கள் உயரத்துக்கு ஏற்ப இருக்கையைத் தள்ளிவிடுகிறார்கள். வண்டியைத் திரும்ப எடுப்பவர்களில் பலர் இருக்கையை மட்டும் இழுத்துக்கொண்டு, கண்ணாடியைத் தொடாமலேயே சேலம் வரை போய்விடுகிறார்கள்.

பக்கக் கண்ணாடிகளைப் பெரும்பாலோர் தம் காரின் உடலே பாதி தெரியும்படி வைத்திருக்கிறார்கள். தம் காரின் பின்கதவைப் பார்த்துக்கொண்டிருப்பதால் பயன் ஏதுமில்லை. அமெரிக்கப் பொறியாளர் ஜார்ஜ் பிளாட்சர் 1995இல் விளக்கிய முறையை நம் வலப்பக்க ஸ்டீயரிங்குக்கு ஏற்றபடி சொல்கிறேன். தலையை வலப்பக்க ஜன்னலை ஒட்டிச் சாய்த்து, காரின் பக்கவாட்டு விளிம்பு இலேசாகத் தெரியும் அளவுக்கு வலக்கண்ணாடியை வெளியே திருப்புங்கள். பிறகு தலையை இரண்டு முன்னிருக்கைகளுக்கு நடுவே கொண்டுவந்து, இடக்கண்ணாடியையும் அவ்வாறே வையுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்தால் உங்கள் கார் எந்தப் பக்கக் கண்ணாடியிலும் தெரியாது. முந்த வரும் வண்டி உள் கண்ணாடியை விட்டு விலகும்போதே பக்கக் கண்ணாடிக்குள் வரும். அதை விட்டு விலகும்போது கடைக்கண்ணில் படும். முதல் இரண்டு நாள் ஏதோ தொலைந்துபோனது போலத்தான் இருக்கும். தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி, ஓசூர் என்று தேசிய நெடுஞ்சாலை 44இல் தினமும் போய்வருபவர்களுக்கு இந்த அமைப்பையே நான் பரிந்துரைக்கிறேன். ஊருக்குள் குறுகிய தெருக்களில் ஓட்டுபவர்கள் மட்டும், காரின் உடல் ஒரு விரற்கடை அளவுக்குத் தெரியும்படி வைத்துக்கொள்ளலாம். பின்னால் எடுக்கும்போது சுவருக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளியைக் கணிக்க அது உதவும். எப்படி வைத்தாலும், தடம் மாறுமுன் ஒருமுறை தலையைத் திருப்பிப் பார்ப்பதை விட்டுவிடக் கூடாது.

உள் கண்ணாடியின் அடியில் உள்ள சிறு நெம்புகோலைத் தளர்ந்துபோன பாகம் என்று நினைத்து இறுக்கச் சொன்னவர்கள் உண்டு. அந்தக் கண்ணாடி ஆப்பு வடிவத்தில் செய்யப்பட்டது. பகலில் அதன் பின்புறப் பூச்சிலிருந்து ஒளி நம் கண்ணுக்கு வருகிறது. இரவில் நெம்புகோலைத் தள்ளினால் அந்த ஒளி கூரைப் பக்கம் போய்விட, பூச்சில்லாத முன்பரப்பு திருப்பியனுப்பும் ஏறத்தாழ 4 விழுக்காடு ஒளி மட்டுமே கண்ணை எட்டும். தொப்பூர் இறக்கத்தில் பின்னால் ஒரு லாரி முகப்பு விளக்கை முழுதாகப் போட்டுக்கொண்டு நெருங்கும்போது இதன் அருமை தெரியும். தானாகவே மங்கும் கண்ணாடி உள்ள கார்களில், கண்ணாடியின் முதுகில் சாலையை நோக்கி ஒரு சிறு ஒளியுணரி இருக்கும். அதை மறைத்துச் சாமி படத்தையோ ஸ்டிக்கரையோ ஒட்டினால், வெளியே இருட்டிவிட்டது என்று கருதிப் பட்டப்பகலிலும் கண்ணாடி மங்க வாய்ப்புண்டு.

வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. தருமபுரியிலிருந்து காலையில் வடக்கே கிருஷ்ணகிரிக்குப் போனால் சூரியன் வலப்பக்கம். மாலையில் தெற்கே திரும்பினாலும் வலப்பக்கம்தான். இரு வேளையும் ஓட்டுநரின் கன்னத்திலேயே வெயில் அடிக்கும். சன்வைசரை அதன் கொக்கியிலிருந்து விடுவித்துப் பக்கவாட்டு ஜன்னலுக்குத் திருப்பலாம் என்பதை அறியாமல், ஜன்னலில் துண்டை மாட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்க்கிறேன். துண்டு வலக்கண்ணாடியையும் சேர்த்து மறைத்துவிடுகிறது. ஜன்னலில் ஒட்டும் கறுப்பு ஃபிலிமும் இரவில் அதே வேலையைத்தான் செய்கிறது. முன், பின் கண்ணாடிகள் 70 விழுக்காடும் பக்க ஜன்னல் கண்ணாடிகள் 50 விழுக்காடும் ஒளியை உள்ளே விட வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்வது ஓட்டுநரின் பார்வையையும் காப்பதற்காகத்தான் என்பது என் எண்ணம். பழைய ஃபிலிமைப் பிளேடால் சுரண்டி எடுக்கும்போது, பின்கண்ணாடியின் உட்புறம் உள்ள, ஈரப்படலத்தைச் சூட்டால் போக்கும் டீஃபாகர் கம்பிக் கோடுகள் அறுந்துவிடும். அங்கே கோட்டின் போக்கிலேயே துடைக்க வேண்டும். குறுக்கே தேய்க்கக் கூடாது.

இங்கே கண்ணாடிகளுக்கு முக்கியப் பகை போர்வெல் தண்ணீர். கழுவிவிட்டு வெயிலில் காயவிட்டால் தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் வெள்ளைப் புள்ளிகளாகத் தங்கிவிடும். நாளடைவில் அது துணிக்கு அசையாது. இரும்பு நாரைப் போட்டுத் தேய்ப்பவர்கள் கறையோடு கண்ணாடியின் பூச்சையும் எடுத்துவிடுகிறார்கள். வினிகரில் சம அளவு நல்ல தண்ணீர் கலந்து, துணியில் நனைத்துச் சில நிமிடம் ஒற்றி வைத்துத் துடைத்துப் பிறகு நல்ல தண்ணீரால் கழுவினால் போதும். கிரானைட் தூசு படிந்த கண்ணாடியை உலர்ந்த துணியால் துடைப்பதும் தவறு. முதலில் தண்ணீரை ஊற்றித் தூசை இறக்கிவிட வேண்டும். ஆயுத பூஜைக்கு மறுநாள் எங்களிடம் வரும் கார்களில் பாதிக்குச் சந்தனமும் குங்குமமும் கண்ணாடியின் நடுவிலும், ரிவர்ஸ் கேமராவின் மேலும் இருக்கும். பொட்டைக் கண்ணாடிக் கூட்டின் மீது வைத்தாலும் சாமி ஏற்றுக்கொள்ளும்.

மார்கழிக் காலையில் ஓசூர், தளிப் பக்கம் போகிறவர்கள் முன்கண்ணாடி ஈரம் படர்ந்து மூடிப்போவதைச் சந்தித்திருப்பார்கள். விரலால் தொட்டுப் பாருங்கள். ஈரம் உட்புறம் இருந்தால் ஏ.சி.யைப் போட்டு, காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பி, வெளிக்காற்று உள்ளே வரும்படி வையுங்கள். ஏ.சி. குளிர்விப்பதோடு காற்றின் ஈரத்தையும் பிழிந்து எடுத்துவிடும். உள்காற்றையே சுழற்றும் பொத்தானை அழுத்தி வைத்திருந்தால், உள்ளே இருப்பவர்களின் மூச்சு ஈரம் வெளியேறாமல் கண்ணாடியிலேயே படியும். நெடுந்தூரப் பயணத்தில் தூக்கமும் வரும். ஈரம் வெளிப்புறம் இருந்தால் கண்ணாடி அளவுக்கு மேல் குளிர்ந்துவிட்டது என்று பொருள். வைப்பரைப் போட்டு, குளிர்காற்றைக் கண்ணாடியிலிருந்து வேறு பக்கம் திருப்ப வேண்டும். காற்றின் வேகம் முன்போல் இல்லையென்றால் ஏ.சி.யில் கேஸ் தீர்ந்துவிட்டது என்று முடிவுகட்டாமல், பல கார்களில் கிளவ்பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் ஏ.சி. ஃபில்டரை முதலில் கழற்றிப் பாருங்கள். குவாரிச் சாலைகளில் ஓடும் வண்டிகளில் அது செங்கல் நிறத்தில் அடைத்துக்கொண்டிருக்கும்.

டேஷ்போர்டைப் பளபளவென்று மினுக்கும் பாலிஷை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. வெயிலில் அந்த மினுக்கு முன்கண்ணாடியில் எதிரொளித்துச் சாலையின் மேல் வெள்ளைத்திரை விரித்தது போல் தெரியும்.

பவர் விண்டோ மெதுவாக ஏறினால் பலர் ரப்பர் தடத்தில் எண்ணெய் விடுகிறார்கள். எண்ணெய் தூசைப் பிடித்து வைத்துக்கொள்வதோடு ரப்பரையும் உப்பச் செய்துவிடும். தடத்தைத் துடைத்து சிலிகான் ஸ்பிரே அடித்தால் போதும். குழந்தைகள் பின்னால் இருந்தால் ஓட்டுநர் பக்கம் உள்ள ஜன்னல் பூட்டுப் பொத்தானை அழுத்திவிடுங்கள். தடை பட்டால் கண்ணாடி தானாக இறங்கும் வசதி எல்லா ஜன்னல்களிலும் இருப்பதில்லை. பேட்டரி மாற்றிய பின் ஒரே தொடுதலில் ஏறும் ஜன்னல் பாதியில் நின்றால் பதற வேண்டாம். பல கார்களில், கண்ணாடியை முழுவதும் ஏற்றி, சுவிட்சைச் சில நொடிகள் விடாமல் இழுத்துப் பிடித்தால் சரியாகிவிடும். உங்கள் காருக்கு எத்தனை நொடி என்பது கிளவ்பாக்ஸில் உறையைப் பிரிக்காமல் கிடக்கும் கையேட்டில் இருக்கும்.